கையெழுத்து யாருடையது? கிராஜுவேட் ஸ்கூலோடு புழங்கும் வழி

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குக் கிளம்புகிறவர்கள் பேராசிரியரின் குணம் முதல் வீட்டு வாடகை வரை எல்லாவற்றையும் விசாரித்துவிடுவார்கள். சேர்க்கைக் கடிதத்தின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கும் கிராஜுவேட் ஸ்கூல் என்ன செய்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஏதோ சான்றிதழ் கொடுக்கும் ஆபீஸ் என்ற நினைப்பு. மூன்றாம் வருடம் அட்வைசர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாலோ, டிஃபென்ஸ் எனப்படும் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு நெருங்கும்போது கமிட்டியில் ஒருவருக்குத் தகுதி இல்லை என்று மின்னஞ்சல் வந்தாலோதான் அந்த ஆபீஸ் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறார்கள்.

நம் ஊரில் ஆராய்ச்சி மாணவருக்கு கைடுதான் பல்கலைக்கழகம். அதே பழக்கத்தோடு அங்கே போனால், அட்வைசரால் முடியாததை அவரிடம் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். டீனால் முடியாததை டீனிடம் கேட்டு, துறையில் கெட்ட பெயரும் வாங்குவீர்கள். எந்தத் தாளில் யார் கையெழுத்து வேண்டும், அதை எந்த வரிசையில் வாங்குவது என்பதுதான் இந்த அத்தியாயம். முனைவர் பட்ட மாணவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். எம்.எஸ். படிக்கிறவர்களுக்கும் கமிட்டி பற்றிய பகுதி தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

இவ்வளவு பின்னணி போதும்

யேல் பல்கலைக்கழகம் 1861-இல் அமெரிக்காவின் முதல் பிஎச்.டி. பட்டங்களைக் கொடுத்தது. 1876-இல் ஆராய்ச்சியையே மையமாக வைத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தொடங்கியது. அதன்பின் ஆளாளுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பிக்க, தரம் கண்டபடி போனது. 1900-இல் 14 பல்கலைக்கழகங்கள் சிகாகோவில் கூடி ஒரு சங்கம் அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயும் அதே கவலைதான்: வேதியியல் துறையின் பிஎச்.டி.யும் வரலாற்றுத் துறையின் பிஎச்.டி.யும் ஒரே பெயரில் வெளியே போகிறது என்றால், இரண்டுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கிராஜுவேட் ஸ்கூலின் வேலை.

இதிலிருந்து பிறக்கும் விதி ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கிராஜுவேட் ஸ்கூல் வைத்த நிபந்தனையைத் துறை கூட்டலாம், குறைக்க முடியாது. குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 3.0 என்று பள்ளி சொன்னால் துறை 3.3 கேட்கலாம், 2.8 போதும் என்று சொல்ல முடியாது. டோஃபெல் மதிப்பெண்ணிலும் கிரெடிட் கணக்கிலும் இதே கதைதான்.

விதிகளை எழுதுவது டீன் என்று நினைக்க வேண்டாம். பேராசிரியர்கள் உட்காரும் ஒரு சபை எழுதுகிறது. பெரும்பாலான இடங்களில் அதற்கு கிராஜுவேட் கவுன்சில் என்று பெயர். மாணவர் பிரதிநிதிகளும் இருப்பார்கள். பெர்க்லியில் இந்தக் கவுன்சில் பேராசிரியர்களின் செனட்டில் ஒரு குழு. அது எழுதும் விதியை நடைமுறைப்படுத்துவது டீன் தலைமையிலான கிராஜுவேட் டிவிஷன். டீனுக்கு மேலே ப்ரோவோஸ்ட், அவருக்கு மேலே தலைவர், எல்லோருக்கும் மேலே பட்டத்தை வழங்கும் அதிகாரம் கொண்ட டிரஸ்டிகள் அல்லது ரீஜெண்ட்கள். கடைசி இரண்டு படியை உங்கள் படிப்புக் காலத்தில் நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

டீன் பெரிய ஆள் என்றாலும் அவர் கை ஓரளவுக்குத்தான் நீளும். பேராசிரியர்களை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் அந்தந்தக் கல்லூரி. அதனால் 'என் அட்வைசரைக் கண்டியுங்கள்' என்று டீனிடம் போவதில் பயன் குறைவு. 'விதிப்படி எனக்கு வரவேண்டியது வரவில்லை' என்று போனால் அவர் கை நீளும். டீன் பதவிக்கு ஒரு காலத்தில் எவ்வளவு வலு இருந்தது என்று பார்க்க விரும்பினால் பிரின்ஸ்டன் கதையைப் படியுங்கள். கிராஜுவேட் காலேஜை வளாகத்தின் நடுவில் கட்ட வேண்டும் என்றார் தலைவர் வுட்ரோ வில்சன்; தள்ளிப்போய்க் கட்ட வேண்டும் என்றார் டீன் ஆண்ட்ரூ வெஸ்ட். 1910-இல் ஒரு பெரிய உயில் சொத்து வந்துசேர, வெஸ்ட் ஜெயித்தார். வில்சன் அதே வருடம் அரசியலுக்குப் போனார்.

முதல் வேலை: உங்கள் பள்ளி எது என்று கண்டுபிடியுங்கள்

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மிச்சிகனில் இதற்கு ராக்கம் என்று பெயர். எம்.ஐ.டி.யில் இந்தப் பெயரில் பள்ளியே கிடையாது. மேற்படிப்புக்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறது, அதிகாரத்தின் பெரும்பகுதி துறைகளிடம். ஹார்வர்டில் பொறியியல் பிஎச்.டி. மாணவர் கலை-அறிவியல் கிராஜுவேட் ஸ்கூலின் கீழ் வருவார், எம்.பி.ஏ. மாணவருக்கும் அந்தப் பள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. கார்னெலில் துறை வேறு, 'ஃபீல்ட்' வேறு. ஒரே பேராசிரியர் பல ஃபீல்டுகளில் உறுப்பினராக இருப்பார். மாணவர் தன் ஸ்பெஷல் கமிட்டியைத் தானே அமைத்துக்கொள்வார்.

1. சேர்க்கைக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் யார் என்று பாருங்கள். பட்டத்தைப் பரிந்துரைக்கும் பள்ளி பெரும்பாலும் அதுதான்.

2. நீங்கள் சேரும் வருடத்துக்கான பள்ளி விதித் தொகுப்பையும் (கேட்டலாக் என்பார்கள்) துறையின் ஹேண்ட்புக்கையும் பி.டி.எஃப். ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் நீங்கள் சேர்ந்த வருடத்து விதிதான் கடைசி வரை உங்களுக்குச் செல்லும். இணையப் பக்கம் வருடா வருடம் மாறும். பழையதைத் தேடினால் கிடைக்காது.

3. இரண்டிலும் நான்கே நான்கு சொற்களைத் தேடிப் படியுங்கள்: கால வரம்பு, தொடர்பதிவு, கமிட்டி, மேல்முறையீடு. மிச்சத்தை வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

4. துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டர் யார் என்று தெரிந்துகொண்டு நேரில் போய் அறிமுகமாகுங்கள்.

நான்காவதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோஆர்டினேட்டர் பேராசிரியர் இல்லை, அலுவலகப் பணியாளர். பெயருக்குப் பின்னால் டாக்டர் பட்டம் இருக்காது. ஆனால் எந்தப் படிவம் எந்த மேஜையில் தூங்குகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நம் பல்கலைக்கழகங்களில் செக்‌ஷன் ஆபீசரைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு இந்த அருமை விளக்காமலே புரியும். பரிசுப்பொருள் எதுவும் தேவையில்லை. கேள்வி கேட்பதற்கு முன் ஹேண்ட்புக்கைப் படித்துவிட்டுப் போனால் அதுவே அவருக்குப் பெரிய மரியாதை.

யாரிடம் எதற்கு

அட்வைசர்: ஆராய்ச்சியின் திசை, ஆராய்ச்சி உதவியாளருக்கான (ஆர்.ஏ.) பணம், சிபாரிசுக் கடிதம்.

டைரக்டர் ஆஃப் கிராஜுவேட் ஸ்டடீஸ், சுருக்கமாக டி.ஜி.எஸ்.: துறைக்குள் விதிகளைக் காப்பவர். பாடங்கள், குவாலிஃபையிங் தேர்வு, கற்பித்தல் உதவியாளர் (டி.ஏ.) ஒதுக்கீடு, அட்வைசரோடு உரசல் எல்லாவற்றுக்கும் முதல் கதவு. பேராசிரியர்கள் முறைவைத்துப் பார்க்கும் பொறுப்பு என்பதால் நீங்கள் முடிப்பதற்குள் ஆள் மாறலாம். அதனாலேயே அவரோடு பேசி முடிவானதை மின்னஞ்சலில் பதிந்து வையுங்கள்.

கிராஜுவேட் ஸ்கூல் அலுவலகம்: முறையான சேர்க்கை, கமிட்டி ஒப்புதல், கேண்டிடசி (தேர்வு முடித்து ஆய்வேடு மட்டும் பாக்கி என்ற நிலை), விடுப்பு, விதிவிலக்கு, ஆய்வேடு தாக்கல், பட்டம்.

சர்வதேச மாணவர் அலுவலகம்: ஐ-20 (மாணவர் விசாவுக்கான படிவம்), செவிஸ் (அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) பதிவு, வேலை அனுமதி. இது கிராஜுவேட் ஸ்கூலின் கிளை இல்லை. ஒன்று சரி என்றதை மற்றது தெரிந்துவைத்திருக்கும் என்று நம்பினால் விசாவில் அடிவிழும். எல்லாவற்றையும் இரண்டு இடத்திலும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

ஆம்பட்ஸ் அலுவலகம்: ரகசியமாக ஆலோசனை சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. அங்கே பேசியது முறையான புகாராகக் கணக்கில் வராது.

அப்பா அம்மாவுக்கு ஒரு சேதி: 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி கல்லூரி மாணவரின் பதிவுகள் மாணவருக்கே சொந்தம். மதுரையிலிருந்து டீனுக்கு மின்னஞ்சல் போட்டு 'என் மகன் ஒழுங்காகப் படிக்கிறானா' என்று கேட்டால், அவன் எழுத்தில் சம்மதம் தராதவரை பதில் வராது. அவமதிப்பு என்று நினைக்க வேண்டாம்.

சேரும் முன்: எது உறுதி, எது வெறும் வாழ்த்து

துறையின் குழு விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கிறது. சேர்க்கையை வழங்குவது கிராஜுவேட் ஸ்கூல். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் தவறுகள் நடக்கின்றன.

1. பேராசிரியரிடமிருந்து 'வாழ்த்துகள்' என்று மின்னஞ்சல் வந்ததும் வேலையை விடாதீர்கள். பள்ளியின் கடிதம் வரும்வரை அது பரிந்துரைதான்.

2. மூன்று வருட பி.எஸ்சி., பி.ஏ. படித்தவர்கள் தகுதியைத் துறையிடம் கேட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நான்கு வருடப் பட்டத்துக்கு இணையா இல்லையா என்று முடிவு செய்வது பெரும்பாலும் பள்ளி. சில பள்ளிகள் ஏற்கும், சில முதுகலையும் சேர்த்துக் கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்.

3. நிதிக் கடிதத்தில் நான்கு விஷயத்தைத் தனித்தனியாகத் தேடுங்கள்: டியூஷன் தள்ளுபடி, ஸ்டைபெண்ட் எத்தனை மாதத்துக்கு (9 மாதமா 12 மாதமா), மருத்துவக் காப்பீடு, கட்டாயக் கட்டணங்கள். 'முழு நிதி' என்ற சொல்லுக்குள் கடைசியாகச் சொன்னது பல இடங்களில் அடங்காது. பருவத்துக்குப் பருவம் கையிலிருந்து கட்ட நேரும்.

4. நிதி எத்தனை வருடத்துக்கு, எந்த நிபந்தனையில் என்று பாருங்கள். 'நிதி இருக்கும்பட்சத்தில்' என்ற தொடர் இருந்தால், இதற்கு முன் அந்தத் துறையில் நிதி நின்றுபோன மாணவர் உண்டா என்று இப்போது படிப்பவர்களிடம் கேளுங்கள். டி.ஜி.எஸ்.ஸிடம் கேட்பதைவிட இது நேரான பதிலைத் தரும்.

5. 'ஒரு வாரத்தில் பதில் சொல்' என்று அவசரப்படுத்தினால் பதற வேண்டாம். கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் அமைப்பின் ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், இலையுதிர் பருவத்துக்கான நிதியுதவிக்குப் பதில் சொல்ல அந்தத் தேதிவரை அவகாசம் தர ஒப்புக்கொண்டவை. உங்கள் பள்ளி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பணிவாக அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

குறிப்பு: பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது நம்மவர்களிடம் சகஜம். அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று ஏறிவிடும். அதே எழுத்துகளோடு பல்கலைக்கழகப் பதிவும் சம்பளப் பதிவும் உருவாகும். கிளம்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்துக் குடும்பப் பெயராகச் சேர்த்துக்கொள்வது நல்லது. அங்கே போய் மாற்றுவது பெரிய அலைச்சல்.

கமிட்டி அமைத்தல்

படிப்பில் அதிகம் சறுக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் எல்லோரும் உங்கள் கமிட்டியில் உட்கார முடியாது. பல இடங்களில் 'கிராஜுவேட் ஃபேகல்டி' என்று ஒரு தகுதி உண்டு. அதைக் கொடுப்பது கிராஜுவேட் ஸ்கூல். அதிலும் உறுப்பினராக இருக்க ஒரு தகுதி, தலைவராக இருக்க இன்னொரு தகுதி என்று பிரித்திருப்பார்கள். ஆய்வகத்தில் உங்களுக்கு நாள்தோறும் சொல்லிக்கொடுக்கும் ஆராய்ச்சி விஞ்ஞானிக்கு இந்தத் தகுதி இல்லாமல் இருக்கலாம். துணைப் பேராசிரியர், ஓய்வுபெற்றவர், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியவர், கம்பெனியில் இருப்பவர் ஆகியோருக்குத் தனி ஒப்புதல் தேவைப்படும்.

1. தலைவரை முடிவு செய்யுங்கள். அட்வைசரே தலைவராகலாமா என்று உங்கள் பள்ளியின் விதியைப் பாருங்கள். சில இடங்களில் ஆய்வேட்டுக் குழுவுக்கு ஆகலாம், குவாலிஃபையிங் தேர்வுக் குழுவுக்கு ஆகக் கூடாது.

2. எத்தனை பேர், அதில் துறைக்கு வெளியிலிருந்து எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். வெளி உறுப்பினர் ஒப்புக்கு உட்காருபவர் அல்ல. தேர்வு முறைப்படி நடந்ததா என்று கிராஜுவேட் ஸ்கூல் சார்பில் பார்ப்பதும் பல இடங்களில் அவர் பொறுப்பு. பின்னால் உரசல் வந்தால் துறை அரசியலுக்கு வெளியே இருக்கும் ஒரே ஆளும் அவர்தான். நட்புக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

3. ஒவ்வொருவரின் தகுதியையும் கோஆர்டினேட்டரிடம் சரிபாருங்கள். பேராசிரியரிடம் கேட்டால் 'எனக்கு இருக்கும்' என்பார். அவருக்கே அது காலாவதியானது தெரியாது.

4. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத இருவரை ஒரே கமிட்டியில் போடாதீர்கள். இதை எந்த ஹேண்ட்புக்கும் சொல்லாது. மூத்த மாணவர்கள் சொல்வார்கள்.

5. படிவத்தைக் கொடுத்தபின் பள்ளியின் ஒப்புதல் மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். ஒப்புதல் இல்லாத கமிட்டி நடத்திய தேர்வு செல்லாது என்று சொல்ல பள்ளிக்கு அதிகாரம் உண்டு.

தேர்வில் தேறியதும் கேண்டிடசிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் இந்தப் படிவத்தை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். டியூஷன் குறைவது, ஸ்டைபெண்ட் உயர்வது, குறைந்த கிரெடிட்டே முழுநேரமாகக் கணக்கிடப்படுவது என்று பல பள்ளிகளில் பல சலுகைகள் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.

எச்சரிக்கை: மனிதர்களிடம் பேட்டி, கருத்துக்கணிப்பு, பரிசோதனை என்று எதுவானாலும் தகவல் திரட்டத் தொடங்கும் முன் ஐ.ஆர்.பி. எனப்படும் நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டும். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது தஞ்சாவூர் விவசாயிகளிடம் எடுத்த பேட்டிக்கும் இது பொருந்தும். எடுத்த பிறகு ஒப்புதல் கேட்டால் கிடைக்காது. அந்தத் தகவலை ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள்.

விதிவிலக்கு கேட்பது எப்படி

விதிகளை இறுக்கமாக எழுதிவிட்டு, பக்கத்திலேயே ஒரு கதவையும் வைத்திருப்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழக்கம். அந்தக் கதவுக்குப் பெட்டிஷன் என்று பெயர். கால வரம்பு நீட்டிப்பு, வேறு இடத்தில் படித்த பாடத்தைக் கணக்கில் எடுப்பது, தாமதப் பதிவு, கமிட்டியில் தகுதியற்ற உறுப்பினருக்கு அனுமதி என்று எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. நம் மாணவர்கள் இதைக் கெஞ்சல் மனுவாக எழுதுகிறார்கள். குடும்பக் கஷ்டம் ஒரு பக்கம், பணிவு ஒரு பக்கம், கேட்பது என்னவென்று கடைசி வரியில். படிப்பவர் ஒரு துணை டீன். அவர் மேஜையில் இதுபோல ஒரு கட்டு இருக்கும்.

1. முதல் வரியில் கேட்பதைச் சொல்லுங்கள்: எந்த விதி, எந்தப் பிரிவு, எவ்வளவு காலத்துக்கு விலக்கு.

2. அடுத்து காரணம், ஒரே பத்தியில். தேதிகளோடு. மருத்துவக் காரணம் என்றால் நோயின் விவரம் தேவையில்லை. சான்று இணைத்தால் போதும்.

3. பிறகு திட்டம்: எந்த மாதத்துக்குள் எந்த அத்தியாயம், எப்போது டிஃபென்ஸ். பெட்டிஷன் ஜெயிப்பதும் தோற்பதும் இந்தப் பகுதியில்தான்.

4. அட்வைசர், டி.ஜி.எஸ். இருவரின் ஆதரவுக் குறிப்பு. அவர்களைத் தாண்டி நேராக அனுப்பினால் பள்ளி அவர்களிடமே திருப்பி அனுப்பும்; நாள்தான் வீண்.

5. வரம்பு முடிவதற்கு ஒரு பருவம் முன்பே கொடுங்கள். காலக்கெடு முடிந்தபின் கேட்பது வேறு வழக்காகிவிடும்.

அட்வைசரை மாற்றுவதும் புகார் கொடுப்பதும்

மாற்றுவது குற்றமில்லை, அங்கே அடிக்கடி நடப்பது. வரிசைதான் முக்கியம். பழையவரிடம் சொல்வதற்கு முன் புதியவரிடம் போய்விட்டால் அன்று மாலைக்குள் பழையவர் காதுக்கு எட்டும். துறைகள் அவ்வளவு சிறியவை.

1. உங்கள் ஸ்டைபெண்ட் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். அட்வைசரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து என்றால், மாறும் நாளில் பணமும் நின்றுபோகலாம். டி.ஏ. அல்லது ஃபெலோஷிப் என்றால் ஆபத்து குறைவு.

2. ஆம்பட்ஸ் அலுவலகத்தில் பேசி நிலைமையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

3. டி.ஜி.எஸ்.ஸிடம் போய், இடைக்காலத்தில் துறை உங்களுக்கு டி.ஏ. தருமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

4. பழைய அட்வைசரிடம் ஆராய்ச்சி விருப்பம் மாறிவிட்டது என்ற அளவில் பேசுங்கள். தகவல்கள், வரைவுக் கட்டுரைகள், ஆசிரியர் வரிசை ஆகியவை யாருக்கு என்பதை அன்றே முடிவு செய்யுங்கள்.

5. புதியவரின் ஒப்புதலோடு படிவத்தைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

டி.ஜி.எஸ்.ஸே உங்கள் அட்வைசர் என்றால் துறைத் தலைவர். அவரும் ஒத்துவரவில்லை என்றால் கிராஜுவேட் ஸ்கூலின் துணை டீன். புகார் என்று வந்துவிட்டால் காலக்கெடுவைப் பாருங்கள். மதிப்பெண் மேல்முறையீட்டுக்கு மிகக் குறைந்த அவகாசமே இருக்கும். நடந்த அன்றே தேதி, நேரம், இடம், சொன்ன சொல் என்று குறிப்பெடுத்து, பல்கலைக்கழகக் கணக்குக்கு வெளியே உங்கள் சொந்த இடத்தில் வையுங்கள்.

சம்பளம், வேலை நேரம் பற்றிய புகார் என்றால் மாணவ ஊழியர்களுக்குத் தொழிற்சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும், ஆராய்ச்சிக்கு உதவும் மாணவர்கள் ஊழியர்களே என்று 2016-இல் கொலம்பியா வழக்கில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் சொன்னது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டம். சங்க ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் இந்தப் புகாருக்கு டீன் ஆபீஸைவிட அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வழியே வேகமானது.

பாலியல் தொந்தரவு வேறு பாதை: டைட்டில் நைன் அலுவலகம். பல இடங்களில் பேராசிரியரிடம் சொன்னால் அவர் அதை மேலே தெரிவித்தே ஆக வேண்டும். ரகசியமாகப் பேச விரும்பினால் முதலில் மாணவர் மருத்துவமனையின் மனநல ஆலோசகரிடம் போங்கள்.

விடுப்பும் விசாவும்: இங்கே தவறினால் திருத்த முடியாது

கிராஜுவேட் ஸ்கூல் விடுப்பை அனுமதித்துவிட்டால் அமெரிக்காவிலேயே தங்கி ஓய்வெடுக்கலாம் என்று நினைப்பது ஆபத்து. எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர் பதிவில்லாமல் அங்கே இருக்க முடியாது.

1. எந்தப் படிவத்திலும் கையெழுத்திடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தைப் பாருங்கள். அனுமதியோடு விலகுபவர் நாட்டைவிட்டுக் கிளம்ப 15 நாள்தான் அவகாசம்.

2. உடல்நிலை காரணம் என்றால் விடுப்புக்குப் பதில் மருத்துவக் காரணத்துக்கான குறைந்த பாடச்சுமை பொருந்துமா என்று கேளுங்கள். ஒரு பட்டநிலைக்கு மொத்தம் 12 மாதம்வரை அனுமதி உண்டு. மருத்துவர் கடிதம் வேண்டும். பாடத்தைக் கைவிடும் முன் அனுமதி பெற வேண்டும்.

3. 5 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பழைய ஐ-20 செல்லாமல் போகலாம். திரும்பும் திட்டத்தைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

4. பருவம் நடக்கும்போது வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான். டி.ஏ. வேலையே 20 மணி நேரம் என்றால் நூலகத்தில் இரண்டு மணி நேரம் சேர்த்தாலும் மீறல். இரண்டு துறைகளும் ஒன்றையொன்று விசாரிப்பதில்லை. கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியது நீங்கள்.

தாக்கல்

டிஃபென்ஸில் ஜெயித்தால் பட்டம் கிடைத்துவிட்டது என்று வீட்டுக்குச் சொல்லிவிடுவோம். கிராஜுவேட் ஸ்கூலின் கணக்கில் அன்று ஒரு தேர்வு முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். திருத்திய ஆய்வேட்டைத் தாக்கல் செய்து அது ஏற்கப்பட்ட பிறகே பட்டம்.

1. பருவம் தொடங்கியதும் பட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இது தனிப் படிவம். கடைசித் தேதி டிஃபென்ஸ் தேதிக்கு வெகு முன்னால் இருக்கும்.

2. பள்ளி தரும் வார்ப்புருவில் ஆரம்பத்திலிருந்தே எழுதுங்கள். ஓரம், பக்க எண், தலைப்புப் பக்கம் ஆகியவற்றுக்காகத் திருப்பி அனுப்புவார்கள். மூத்த மாணவரின் கோப்பை நகலெடுத்தால் அவர் காலத்து விதியும் கூடவே வரும்.

3. டிஃபென்ஸுக்கும் தாக்கல் கெடுவுக்கும் நடுவில் மூன்று வாரமாவது இருக்கட்டும். கமிட்டி கேட்கும் திருத்தம் சின்னது என்றாலும் கையெழுத்துக்கு ஆள் கிடைக்க வேண்டுமே. ஒரு நாள் தாமதித்தால் அடுத்த பருவத்துக்குப் பதிவுக் கட்டணம் கட்ட நேரலாம்.

4. ஆய்வேடு பெரும்பாலும் புரோக்வெஸ்ட் களஞ்சியத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் போகும். காப்புரிமை விண்ணப்பமோ புத்தக ஒப்பந்தமோ மனதில் இருந்தால், தாக்கலின்போதே குறிப்பிட்ட காலம்வரை வெளியிடாமல் வைக்கும் எம்பார்கோவைக் கேளுங்கள். வெளியான பிறகு கேட்பதில் அர்த்தமில்லை.

5. முன்பே பிரசுரமான கட்டுரையை அத்தியாயமாகச் சேர்த்தால் பதிப்பாளரின் அனுமதியையும் இணை ஆசிரியர்களின் ஒப்புதலையும் கையில் வைத்திருங்கள்.

6. படித்து முடித்தபின் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓ.பி.டி.க்கான விண்ணப்பத்தைத் தாக்கல் தேதியோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்புவரை விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக அதிகாரி செவிஸில் பரிந்துரை பதிந்த 30 நாளுக்குள் விண்ணப்பம் குடியேற்றத் துறையில் இருக்க வேண்டும்.

7. பட்டச் சான்றிதழில் அச்சாகும் பெயரையும், அது அனுப்பப்படும் முகவரியையும் கணினியில் நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். அச்சாகி வரப் பல வாரம் ஆகும். அதற்குள் நீங்கள் அறையைக் காலி செய்திருப்பீர்கள். இடைக்காலத்தில் வேலை தருபவர் கேட்டால், எல்லா நிபந்தனைகளையும் முடித்துவிட்டார் என்று கிராஜுவேட் ஸ்கூலோ ரிஜிஸ்ட்ரார் அலுவலகமோ ஒரு கடிதம் தரும். கேட்டால்தான் தருவார்கள்.